முதுமையைத் தள்ளிப்போடும் தாவரச் சேர்மங்கள்: புட்டியை வாங்கும் முன் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ரெஸ்வெரட்ரால் கேப்ஸ்யூலை நானும் நான்கு மாதம் விழுங்கியிருக்கிறேன். சிவப்புத் திராட்சைத் தோலில் இருப்பது, ஈஸ்டின் ஆயுளைக் கூட்டியது, எலியையும் காப்பாற்றியது, நமக்கு மட்டும் உதவாமலா போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. புட்டி பாதி காலியான பிறகுதான் உட்கார்ந்து அந்த ஆய்வுகளைப் படித்தேன். முதலில் படித்திருக்க வேண்டும், பிறகு வாங்கியிருக்க வேண்டும். நீங்களாவது அந்த வரிசையில் போக வேண்டும் என்பதற்காக, நான் இப்போது பின்பற்றும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களின் ஆயுளைக் கூட்டியதாக நிரூபிக்கப்பட்ட தாவரச் சேர்மம் இன்றுவரை ஒன்றுகூட இல்லை. வயதோடு வரும் சில நோய்களை, சில பலவீனங்களைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதற்கு ஓரளவு ஆதாரம் உள்ளவை சில இருக்கின்றன. நாம் தேடப்போவது அவற்றைத்தான்.

படி 1: எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"வயதாகாமல் இருக்க வேண்டும்" என்பது ஆசை. அதை வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது. 2013-ல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் முதுமையின் அடையாளங்கள் என்று 9 மாற்றங்களைப் பட்டியலிட்டார்கள், 2023-ல் அதை 12 ஆக்கினார்கள். டிஎன்ஏவில் சேதம் சேர்வது, குரோமோசோம்களின் நுனி தேய்வது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தளர்வது, பழுதான புரதங்கள் குவிவது, தணியாத அழற்சி, அப்புறம் பிரிவதையும் நிறுத்திவிட்டு சாகவும் சாகாமல் பக்கத்துச் செல்களையும் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் 'ஸோம்பி' செல்கள் என்று பட்டியல் போகிறது. ஒரே கேப்ஸ்யூல் இந்தப் பன்னிரண்டையும் சரிசெய்யும் என்று ஒருவர் சொன்னால் அவர் விற்க வந்திருக்கிறார்.

அதனால் உங்கள் கவலை எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்பாவுக்கு விழித்திரை மையம் தேய்ந்து பார்வை போனது, எனக்கும் வருமோ என்பது ஒரு கவலை. மாடிப்படி ஏறினால் தொடை தளர்கிறது என்பது இன்னொன்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, மறதி ஒவ்வொன்றும் தனித்தனி. கண்ணுக்கு ஆதாரம் உள்ள பொருளுக்கு மூளையில் எந்த ஆதாரமும் இல்லாமல் இருக்கலாம்.

படி 2: ஆன்டிஆக்ஸிடன்ட் கணக்கைக் கைவிடுங்கள்

1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கருத்தை வைத்தார்: உடலில் உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற நிலையற்ற மூலக்கூறுகள் செல்களைச் சிதைப்பதால்தான் மூப்பு வருகிறது. அப்படியானால் அவற்றை அணைக்கும் பொருளை, அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட்டை, நிறைய சாப்பிட்டால் போதுமே என்று எல்லோருக்கும் தோன்றியது, எனக்கும் தோன்றியது. அந்த எண்ணத்தை வைத்து மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது பீட்டா கரோட்டினை. கேரட்டுக்கு நிறம் தருகிறதே, அதே பொருள்.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 1994-ல் வந்தது. தினம் 20 மி.கி. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18% கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கு ஆளானவர்களையும் வைத்து வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு சோதனையை 1996-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று, ஏனென்றால் அங்கே புற்றுநோய் 28% அதிகம். கேரட் சாப்பிட்டு யாருக்கும் இப்படி ஆனதில்லை. அதிலிருந்து ஒரே ஒரு மூலக்கூறைப் பிரித்தெடுத்து, பெரிய அளவில், தவறான ஆட்களுக்கு, வருடக்கணக்கில் கொடுத்ததில்தான் ஆபத்து வந்தது. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை எண்களாகப் போட்டு வைத்திருந்த பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012-ல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எண்ணுக்கும் உடலில் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை.

சரி, பிறகு தாவரச் சேர்மங்கள் எப்படித்தான் வேலை செய்கின்றன? செடியால் ஓட முடியாது. பூச்சி கடித்தால், பூஞ்சை பிடித்தால், வெயில் சுட்டால் நின்ற இடத்திலேயே ரசாயனத்தால்தான் அது சமாளிக்க வேண்டும். நாம் பெரிதாகப் பேசும் பல சேர்மங்கள் அப்படி உருவான லேசான விஷங்கள். கொஞ்சமாக உள்ளே போகும்போது நம் செல்கள் சீண்டப்பட்டுத் தங்கள் பாதுகாப்பு வேலையைத் தொடங்குகின்றன. என்ஆர்எஃப்-2 என்ற புரதம் விழித்துக்கொண்டு, நச்சுகளை வெளியேற்றும் என்சைம்களை உருவாக்கும் ஜீன்களை இயக்குகிறது. ஆக வேலையைச் செய்வது நம் செல், சேர்மம் வெறுமனே கதவைத் தட்டுகிறது. சீண்டல் அளவோடு இருக்கும்வரைதான் பயன் என்பதால் 'இரண்டு மடங்கு எடுத்தால் இரண்டு மடங்கு பலன்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

படி 3: ஒவ்வொரு செய்தியையும் நான்கு கேள்வி கேளுங்கள்

யாரிடம் சோதித்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், அது ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, கடைசியில் எதை அளந்தார்கள். ரெஸ்வெரட்ராலை வைத்தே இதைப் பார்த்துவிடலாம், அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

2003-ல் அது ஈஸ்டின் ஆயுளைக் கூட்டுவதாகக் கட்டுரை வந்தது. 2006-ல் கொழுப்பு மிகுந்த தீனி தின்று பருத்த எலிகள் ரெஸ்வெரட்ராலோடு கூடுதல் நாள் வாழ்ந்தன. உலகமே அதைத்தான் பேசியது. 2008-ல் கிளாக்சோஸ்மித்க்ளைன் நிறுவனம், இந்த வகைச் சேர்மங்களை மருந்தாக்க முயன்ற சர்ட்ரிஸ் நிறுவனத்தை 72 கோடி டாலருக்கு வாங்கியது. அதே 2008-ல் இன்னொரு கட்டுரையும் வந்தது, அதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை: சாதாரணத் தீனி தின்ற எலிகளுக்கு ரெஸ்வெரட்ரால் ஆயுளைக் கூட்டவில்லை. பிறகு வேறு ஆய்வகங்கள், அது செயல்படுவதாகச் சொன்ன விதமே பரிசோதனைக்குப் பயன்படுத்திய ஒளிரும் சாயத்தால் வந்த மயக்கமோ என்று கேள்வி எழுப்பின. 2013-ல் சர்ட்ரிஸ் அலுவலகம் மூடப்பட்டது.

அளவு? அந்தப் பருத்த எலிகளுக்குக் கிடைத்தது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் சுமார் 22 மி.கி. எலியின் அளவை மனித அளவாக்க 12-ஆல் வகுப்பது வழக்கம், சிறிய உடலில் எல்லாமே வேகமாக எரிந்து தீர்வதால். அப்படிப் பார்த்தால் 60 கிலோ மனிதருக்கு 110 மி.கி. சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 2 மி.கி. என்று வைத்தாலும் தினம் 50 லிட்டருக்கு மேல் வேண்டும். ஒயின் குடிப்பதற்கு வேறு காரணம் தேடிக்கொள்ளுங்கள்.

ரத்தத்துக்குப் போகிறதா? குடல் அதைச் சுமார் 70% உறிஞ்சிக்கொள்கிறது, ஆனால் குடலும் கல்லீரலும் உடனே அதை உருமாற்றிவிடுவதால் ரத்தத்தில் அசல் ரெஸ்வெரட்ராலாக மிஞ்சுவது துளிதான். கண்ணாடித் தட்டில் செல்கள் மேல் ஊற்றிப் பார்த்த அளவு உங்கள் ரத்தத்தில் வரப்போவதே இல்லை. கடைசியில் மனிதர்கள்: இத்தாலியின் கியாண்டி பகுதியில் 65 வயது கடந்த 783 பேரின் சிறுநீரில் ரெஸ்வெரட்ரால் கழிவுகளை அளந்து 9 ஆண்டு தொடர்ந்தார்கள். அதிகம் இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் இறப்பிலோ இதய நோயிலோ புற்றுநோயிலோ வித்தியாசம் இல்லை. என்னை நிறுத்த வைத்தது இன்னொன்று. 2013-ல் வெளியான சிறிய சோதனையில், 65 வயதை ஒட்டிய 27 ஆண்கள் 8 வாரம் கடுமையாக உடற்பயிற்சி செய்தார்கள். தினம் 250 மி.கி. ரெஸ்வெரட்ரால் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட உடற்பயிற்சியின் பலன் குறைவாகவே கிடைத்தது. ஓடிச் சம்பாதித்ததை மாத்திரை தின்றுவிட்டது.

எலி ஆய்வு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். அமெரிக்காவின் தேசிய முதுமையியல் நிறுவனம் ஒரு சோதனைத் திட்டம் நடத்துகிறது. ஒரே பொருளை மூன்று வெவ்வேறு ஆய்வகங்களில், மரபணுக் கலவையுள்ள எலிகளுக்குக் கொடுத்து ஆயுளை அளக்கிறார்கள். ரெஸ்வெரட்ரால், மஞ்சளில் உள்ள குர்குமின், கிரீன் டீ சாறு, ஸ்ட்ராபெர்ரியில் உள்ள ஃபிசெட்டின் எல்லாமே அங்கே ஆயுளைக் கூட்டத் தவறின. அமெரிக்கப் பாலைவனங்களில் வளரும் கிரியோசோட் புதரிலிருந்து கிடைக்கும் என்டிஜிஏ என்ற சேர்மம் ஆண் எலிகளின் ஆயுளைக் கூட்டியது, பெண் எலிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் புதரின் இலையை மூலிகையாகச் சாப்பிட்ட மனிதர்களுக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது. எலி ஜெயித்த இடத்தில் நாம் தோற்கலாம்.

படி 4: சேர்மங்களைத் தட்டுவாரியாகப் பிரியுங்கள்

மேல் தட்டில், நிஜ மனிதர்களிடம் பெரிய சோதனை தாண்டியவை. இங்கே கூட்டம் குறைவு.

லூட்டினும் ஸீஸாந்தினும் விழித்திரையின் மையத்தில் போய்ப் படியும் மஞ்சள் நிறமிகள். வைட்டமின் சி, இ, துத்தநாகம், தாமிரம் அடங்கிய ஒரு கலவை, கண் மையச் சிதைவு நடுக்கட்டத்துக்கு வந்துவிட்டவர்களில் அது முற்றிய நிலைக்குப் போகும் ஆபத்தைச் சுமார் 25% குறைத்தது. அதில் முதலில் பீட்டா கரோட்டினும் இருந்தது. 2013-ல் முடிந்த அடுத்த சோதனைக்குப் பிறகு அதை எடுத்துவிட்டு 10 மி.கி. லூட்டினும் 2 மி.கி. ஸீஸாந்தினும் வைத்தார்கள். கண் நன்றாக இருப்பவர்களுக்கு இந்த மாத்திரை வராமல் தடுக்கும் என்று காட்டப்படவில்லை. அவர்கள் கீரையும் மக்காச்சோளமும் சாப்பிட்டால் போதும்.

கோக்கோவின் ஃபிளவனால்கள்: 21,442 முதியவர்களில் பாதிப் பேருக்குத் தினம் 500 மி.கி., மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்துச் சராசரியாக மூன்றரை ஆண்டுக்கு மேல் பார்த்தார்கள், முடிவு 2022-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற எல்லா நிகழ்வுகளையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் புள்ளியியலில் தேறவில்லை. இதய, ரத்தக்குழாய் நோயால் நேர்ந்த இறப்பை மட்டும் பார்த்தால் 27% குறைவு. முதன்மைக் கேள்வியில் தோற்று துணைக் கேள்வியில் ஜெயித்த ஆய்வு என்றுதான் இதைப் படிக்க வேண்டும். நம்பிக்கை தருகிறது, உறுதி தரவில்லை. சாக்லேட் கட்டிக்கு இது அனுமதிச் சீட்டும் இல்லை, பெரும்பாலான சாக்லேட்டில் சர்க்கரைதான் முன்னால் நிற்கிறது.

நடுத் தட்டில் எனக்குப் பிடித்தது யூரோலித்தின் ஏ. இது எந்தச் செடியிலும் இல்லை! மாதுளை, வால்நட், ராஸ்பெர்ரியில் உள்ள எலாஜிடானின்களை நம் குடல் பாக்டீரியாக்கள் உடைத்துச் செய்வது இது, அதுவும் பத்துப் பேரில் சுமார் நான்கு பேருக்குத்தான் போதிய அளவு செய்கிற பாக்டீரியாக்கள் வாய்த்திருக்கின்றன. பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் தானே தின்று அப்புறப்படுத்தும் வேலையை இது தூண்டுகிறது. 65 முதல் 90 வயது வரையிலான 66 பேரில் பாதிப் பேருக்கு நான்கு மாதம் தினம் 1,000 மி.கி. கொடுத்ததில் தசையின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது, ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. தசைக் கவலை உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய பொருள், எடை தூக்கும் பயிற்சிக்கு மாற்று அல்ல.

ப்ரோக்கோலியின் சல்ஃபோராஃபேனும் இதே தட்டில்தான். கதவைத் தட்டுபவை என்று சொன்னேனே, அவற்றில் வலுவாகத் தட்டுவது இது. கோதுமை முளை, சோயா, காளானில் உள்ள ஸ்பெர்மிடினையும் இங்கே வைக்கலாம். உணவில் அது அதிகம் உள்ளவர்கள் குறைவாக இறந்ததை இத்தாலியில் 829 பேரை 20 ஆண்டு தொடர்ந்த ஆய்வு காட்டியது. ஆனால் நூறு முதியவர்களில் பாதிப் பேருக்கு ஓராண்டு அதை மாத்திரையாகக் கொடுத்தபோது ஞாபகசக்தி மாறவில்லை. கிரீன் டீ கதையும் இப்படித்தான்: 40,530 ஜப்பானியர்களைத் தொடர்ந்ததில் அதிகம் குடித்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் இறப்பு குறைவு, ஆனால் கிரீன் டீ குடிப்பவர் வேறு எதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறார் என்பதை முழுதாகக் கழித்துப் பார்க்க முடியாது.

கீழ்த் தட்டில், பேச்சு அதிகம், ஆதாரம் குறைவு. குர்குமினை இங்கே வைப்பதில் பலருக்கு என்மேல் கோபம் வரும். மஞ்சள் தூளில் அது எடையில் 3% அளவுதான், அதுவும் உடலில் நிற்பதில்லை. 2017-ல் வேதியியலாளர்கள் சிலர் நூற்றுக்கு மேற்பட்ட மனிதச் சோதனைகளைத் திரும்பிப் பார்த்து, இது மருந்தாக வெற்றி பெற்றதாகச் சொல்ல எதுவும் இல்லை என்றும், ஆய்வகச் சோதனைகளையே ஏமாற்றும் குணம் இதற்கு உண்டு என்றும் எழுதினார்கள். மஞ்சளைச் சமையலில் போடுவதை யாரும் தடுக்கவில்லை.

ஃபிசெட்டினும் குவெர்செட்டினும் ஸோம்பி செல்களை அழிக்கும் என்ற எதிர்பார்ப்பில் சோதிக்கப்படுகின்றன. குவெர்செட்டின் அந்தச் சோதனைகளில் தனியாகப் போவதில்லை, டாசாடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தோடு ஜோடியாகப் போகிறது. தனியாக வாங்கிச் சாப்பிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஃபிசெட்டின் சோதனைகளில் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 20 மி.கி. ஸ்ட்ராபெர்ரியில் ஒரு கிராமுக்கு 0.16 மி.கி. இருக்கிறது. 70 கிலோ ஆள் ஒரே நாளில் கிட்டத்தட்ட 9 கிலோ ஸ்ட்ராபெர்ரி சாப்பிட வேண்டும்.

படி 5: சாப்பாட்டுத் தட்டிலிருந்து தொடங்குங்கள், ஆனால் சரியாகச் சமையுங்கள்

சல்ஃபோராஃபேன் ப்ரோக்கோலியில் தயாராக இருப்பதில்லை. நறுக்கும்போது செல்கள் உடைந்து, மைரோசினேஸ் என்ற என்சைம் மூலப்பொருளோடு கலந்தால்தான் உருவாகும். வேகவைத்தால் என்சைம் செத்துவிடும். அதனால் பொடியாக நறுக்கி, முக்கால் மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு லேசாக ஆவியில் வேகவையுங்கள். மறந்து நேராக வேகவைத்துவிட்டால், இறக்கியபின் கடுகுப் பொடி தூவுங்கள். கடுகிலும் அதே என்சைம் உண்டு: 200 கிராம் வெந்த ப்ரோக்கோலிக்கு 1 கிராம் கடுகுப் பொடி சேர்த்ததில் உடலுக்குக் கிடைத்த அளவு நான்கு மடங்குக்கு மேல் கூடியதாகச் சிறிய ஆய்வு ஒன்று காட்டியது. மூன்று நாள் முளையில் மூலப்பொருள் முதிர்ந்த செடியைவிட 10 முதல் 100 மடங்கு அதிகம், ஆனால் முளைகளில் கிருமிகளும் சுலபமாக வளரும் என்பதால் எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

லூட்டின், தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் இரண்டும் கொழுப்பில் கரைபவை. கீரையில் எண்ணெய் இல்லையென்றால் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். தக்காளியை எண்ணெயில் வதக்குவது பச்சையாகச் சாப்பிடுவதைவிட லைகோபீனுக்கு நல்லது. வெங்காயத்தின் குவெர்செட்டின் வெளி அடுக்குகளில் செறிந்திருக்கிறது, உரிக்கும்போது தாராளமாக உரித்துவிடாதீர்கள். வேகவைத்தால் தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். கோக்கோவில் காரம் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தாத தூளைத் தேடுங்கள், காரம் சேர்த்தால் நிறம் கருக்கும், கசப்பு குறையும், ஃபிளவனால்களும் போய்விடும். ஆலிவ் எண்ணெய் வாங்கினால் ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். தொண்டையின் பின்புறம் சுரீர் என்றால் அதில் ஓலியோகாந்தல் இருக்கிறது. இபுப்ரோஃபென் தடுக்கும் அதே அழற்சி என்சைம்களைத் தடுக்கும் பொருள் இது. எந்த லேபிளும் தராத பரிசோதனை, நாக்கே செய்துவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட அழுத்தமான ஆதாரம் இருப்பது நார்ச்சத்துக்குத்தான். யாரும் அதைப் புட்டியில் அடைத்து ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. 2019-ல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வில், நார்ச்சத்து அதிகம் சாப்பிடுபவர்களுக்கு மிகக் குறைவாகச் சாப்பிடுபவர்களைவிட இறப்பு ஆபத்து 15 முதல் 30% குறைவு. பலன் நன்றாகத் தெரிந்தது தினம் 25 முதல் 29 கிராமில். முழுத்தானியம், பருப்பு, பயறு, கொட்டைகள் இல்லாமல் அந்த எண்ணைத் தொடுவது கடினம். இந்த அளவை எட்டாத வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள் என்பதே என் கட்சி.

படி 6: மாத்திரை என்றால், முதலில் மருந்துப் பட்டியல்

நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை எல்லாம் எழுதி மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். குர்குமின் கேப்ஸ்யூல்களில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998-ல் வந்த ஆய்வில் 20 மி.கி. பைப்பரின், ரத்தத்துக்குப் போகும் குர்குமினை 20 மடங்கு கூட்டியது. பைப்பரின் இதைச் சாதிப்பது மருந்துகளை உடைக்கும் என்சைம்களை முடக்கித்தான், அந்த என்சைம்கள் உங்கள் மற்ற மாத்திரைகளையும் உடைப்பவை. குர்குமின் கேப்ஸ்யூலால் வந்த கல்லீரல் அழற்சிகளும் பதிவாகியுள்ளன. கிரீன் டீ சாறு மாத்திரையில் தினம் 800 மி.கி. அல்லது அதற்கு மேல் ஈஜிசிஜி (கிரீன் டீயின் முக்கியச் சேர்மம்) போனால் கல்லீரல் என்சைம்கள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. கோப்பையில் குடிப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, வெறும் வயிற்றில் மாத்திரையாக விழுங்குபவர்களுக்கு உண்டு.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைக்கூடத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, வைட்டமின் கே காரணம். அறுவை சிகிச்சை நாள் குறித்தாயிற்றா, கர்ப்பமா, புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறீர்களா, இந்த மூன்றிலும் சுய முடிவு வேண்டாம். லேபிளில் 'தனியுரிமைக் கலவை' என்று போட்டு ஒவ்வொன்றின் மில்லிகிராமையும் மறைத்திருந்தால் அந்தப் புட்டியைத் திருப்பி வைத்துவிடுங்கள். சுயாதீன ஆய்வகம் சோதித்த முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 7: ஒரு நேரத்தில் ஒன்று, மூன்று மாதம்

இவ்வளவுக்குப் பிறகும் முயன்று பார்க்க வேண்டும் என்றால் ஒரே ஒரு பொருள். ஐந்தைச் சேர்த்து ஆரம்பித்தால் எது உதவியது, எது தோலில் தடிப்பு தந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை, அதில் கல்லீரல் என்சைம்கள் கட்டாயம். படி 1-ல் எழுதிய கவலைக்கு ஒரு எண் வையுங்கள்: காலை ரத்த அழுத்தம், கையை ஊன்றாமல் 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது, அப்படி ஏதாவது. 'தெம்பாக இருக்கிறது' என்பது எண் அல்ல, காசு கொடுத்து வாங்கிய எதுவும் முதல் இரண்டு வாரம் தெம்பாகத்தான் இருக்கும். அந்த மூன்று மாதத்தில் உணவு, தூக்கம், நடை எதையும் புதிதாக மாற்றாதீர்கள். முடிந்ததும் மறுபடி அளந்து, எண் நகரவில்லை என்றால் நிறுத்துங்கள். புட்டியில் மீதி இருக்கிறதே என்று தொடர வேண்டாம், நான் அப்படித்தான் கடைசி ஒரு மாதத்தை ஓட்டினேன்.

சிறுநீர் கருத்துப்போவது, கண் வெள்ளை மஞ்சளாவது, காரணமில்லாத அரிப்பு, வலது விலாவுக்குக் கீழ் வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். 'மூலிகைதானே' என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் பலர். புட்டியைக் கையோடு கொண்டுபோய், பின்பக்க எழுத்து தெரியும்படி மேசையில் வையுங்கள்.